கருங்கல்லுக்குப் புளி ஆகாதாம்

பத்து பாயிண்ட் வேணுமாம்.

போன வாரம் ஷைனி போன் பண்ணினா. வடசேரி பக்கத்துல ஒரு கிரானைட் கடையில நான் பாத்த வேலைய இப்ப அவதான் பாக்கா. "எக்கா, அடுக்களை மேடையை எப்படிப் பேணணும்னு பத்து பாயிண்ட் எழுதித் தாங்க. அட்டை அடிச்சு, கல்லு வாங்குற எல்லாருக்கும் குடுக்கப் போறோம். உங்கள விட்டா இத யாருட்ட கேக்க?"ன்னா.

அட்டை! மருந்துக் குப்பியில 'நன்றாகக் குலுக்கவும்'னு எழுதித்தான் ஒட்டியிருக்கான். எந்த வீட்டுல எவ குலுக்குதா? பன்னிரண்டு வருசம் இந்த வாயால, நேருக்கு நேரா நின்னு, தொண்டை வறளச் சொல்லியும் கேக்காத சனம், அட்டையைப் பாத்துத் திருந்தப் போகுதாக்கும்.

ஆனாலும் புள்ளை ஆசையாக் கேட்டாளேன்னு தாளை எடுத்து வச்சு உக்காந்தேன். முதல் பாயிண்டே ஓடல. தெரியாம இல்ல. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்: 'புளி, எலுமிச்சை படக்கூடாது.' அந்த ஒரு வரியத்தான் கை எழுத மாட்டேங்குது. அது ஏன்னு சொல்லணும்னா 2004-லேருந்து சொல்லணும்.

நான் அந்தக் கடைக்குப் போனது கூட்டிப் பெருக்க. அதுக்கு முன்ன அண்டியாபீசுல முந்திரிக்கொட்டை உடைச்சேன். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி தோலுரிஞ்சு கறுத்துப் போச்சு. போதும்டா சாமின்னு வாரியலைக் கையில எடுத்தேன். மூணு மாசம் கல்லுத் தூசி கூட்டினேன். ஒரு நாள் கடையில யாரும் இல்லாத நேரத்துல ஒரு அம்மா போன் பண்ணி, மேடையில கறைன்னு சொன்னாவ. பேரு, ஊரு, நம்பர், என்ன கறை, எல்லாத்தையும் காலண்டர் பின்பக்கம் எழுதி வச்சேன். மேனேஜர் அதப் பாத்தாரு.

மேனேஜர் பேரு குமாரதாஸ். முதலாளி வெளிநாட்டுல, இங்க எல்லாம் சார்தான். வெள்ளைச் சட்டை, அதுல ஒரு சுருக்கம் இருக்காது. எங்க போனாலும் உக்காரும் முன்ன கைலேஞ்சியை, அதான் கைக்குட்டையை, விரிப்பாரு. எழும்பும்போது அதை நாலா மடிச்சுப் பையில வைப்பாரு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. யாரையும் 'நீ'ன்னு சொன்னதில்ல, என்னையும். "பாக்கியம், உங்க கையெழுத்து நல்லாருக்கே"ன்னாரு. அண்டியாபீசுல யாரு எனக்க கையெழுத்தப் பாத்தா? எனக்குத் தலைகால் புரியல.

அவரு கணக்கு வேற. நம்ம மாவட்டத்துல புது வீடு கெட்டுறவன்ல பாதிப் பேரு கல்ஃப்ல கெடக்கான். வீட்டுல பொம்பளைகதான். புகாருக்கு ஆம்பிளையை அனுப்பினா வாசல்ல நிக்க வச்சே பேசி அனுப்புதாவ. பொம்பளைன்னா அடுக்களை வரைக்கும் விடுவாவ. "நீங்க போய்ப் பாருங்க, பாத்ததை புக்குல எழுதுங்க, போதும்"ன்னாரு. அப்படித்தான் நான் கல்லுக்கார அக்கா ஆனேன்.

படிப்பு ஒரு மாசத்துல முடிஞ்சு. பாலீஷ் போடுற மேஸ்திரியோட நாலு வீட்டுக்குப் போனேன். கல்லு மேல சொட்டுத் தண்ணி விட்டு, கல்லு அதைக் குடிக்கா, இல்ல தண்ணி உருண்டு நிக்கான்னு பாக்கணும். எண்ணெய்க் கறைன்னா சோடா உப்பைத் தோசை மாவு பதத்துல குழைச்சு, கறை மேல கனமா அப்பி, பிளாஸ்டிக் தாளால மூடி ஒரு நாள் விட்டுடணும். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டு, மரத்துண்டால பையச் சொரண்டணும். சக்கைப்பழத்துப் பசைக்கு, பலாப் பாலுக்குத்தான், தேங்காண்ணெய். போர் தண்ணி உப்புப் படிஞ்ச வெள்ளைக்கு, தெனமும் ராத்திரி ஈரம் இல்லாமத் துடைச்சா வரவே வராது. அவ்வளவுதான் வித்தை. மத்ததெல்லாம் சனங்களோட மல்லுக்கெட்டுறது.

நம்ம பொம்பளைக கல்லைப் படுத்துற பாடு கொஞ்சமா! மேடை விளிம்புல தேங்கா உடைப்பாவ. அந்த விளிம்பை உருட்டி வளைக்க ஒரு மனுசன் அரை நாள் தூசி தின்னிருப்பான். டப்புன்னு ஒரே அடி, ஒரு சில்லு பேந்து போவும். "ஏன் அம்மா, வெட்டுகத்தி இல்லியா?"ன்னு கேட்டா, "கல்லுதானே எக்கா"ன்னு நம்மளையே கேப்பாவ. பரண்ல ஏற மேடை மேல காலை வச்சு ஏறுவாவ, அதுவும் எங்க? தொட்டிக்கு முன்னால இருக்கிற அந்த நாலு விரல் அகலத்துல. பிளக்காம என்ன செய்யும்? சாளை மீனைப் பலகை இல்லாம கல்லு மேலயே வச்சு வெட்டுவாவ, பிறகு கத்தி மழுங்குதுன்னு நம்மகிட்டயே சொல்லுவாவ. அடுப்புலேருந்து எறக்கின குக்கரைத் தண்ணி நிக்கிற கல்லு மேல 'சுர்'ருனு வைப்பாவ. ஒரு வீட்டுல சக்கைப் பசையை ஆக்ஸா பிளேடால சொரண்டி, கல்லு மேல கோலம் போட்டு வச்சிருந்தாவ. எனக்கு வந்த வெப்ராளத்துக்கு அந்தக் கோலத்துக்குப் பூசணிப்பூவும் வைக்கச் சொல்லிட்டு வந்தேன்.

இதுக்கெல்லாம் நான் பதில் சொல்லணும். சாருக்கு மட்டும் பதட்டமே வராது. பெரிய புகாருன்னா அவரே கூட வருவாரு. கைலேஞ்சியை விரிச்சு உக்காருவாரு. ஒரு கிளாஸ் தண்ணி கேப்பாரு, பாதி குடிப்பாரு. பிறகு ஒரு ரூபா காசை எடுத்து கல்லைத் தட்டி, "கேட்டியளா அம்மா, மணி மாதிரி சத்தம்"பாரு. கல்லுல என்ன குறைன்னாலும் இந்த மணிச் சத்தத்தை முதல்ல கேக்க வச்சிடுவாரு. அதுக்கு மேல மூணு கேள்வி. எனக்கும் அதைச் சொல்லித் தந்திருந்தாரு, வரிசை மாறாமக் கேக்கணும்னு.

"புளி, எலுமிச்சை பட்டுதா அம்மா? ஆசிட் பட்டுதா? சூடு பட்டுதா?"

மூணுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு வந்தாப் போதும், புக்குல 'உபயோகக் கோளாறு'ன்னு எழுதி, வீட்டுக்காரங்க கையெழுத்தை வாங்கிட்டு வந்துடணும். கன்னியாகுமரி மாவட்டத்துல எந்த அடுக்களையில அம்மா புளி படாது? மீன் புளிமுளம் வைக்காத வீடு உண்டுமா? அப்ப எனக்கு இது உறைக்கல. கேள்வி சரியாத்தான் இருக்கு, பொம்பளைகதான் சரியில்லைன்னு நினைச்சேன்.

பூதப்பாண்டியில சிவகாமின்னு ஒருத்தி. தொட்டி பக்கத்துல கறுப்புக் கல்லு ஒரு சாண் அளவுக்கு நரைச்சுப் போயிருந்து. புளிச்சட்டி வைக்கிற இடம்னு அவ சொன்னா. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சுன்னு நினைப்பு. "புளிக்கு இவ்வளவு போகாது. ஆசிட் ஊத்தித் தேச்சிருக்கிய"ன்னேன். "எக்கா, இந்த வீட்டுல ஆசிட்டே கிடையாது"ன்னு கண்ணைத் துடைச்சா. அவ மாமியாரு கட்டில்ல உக்காந்துட்டு, "புது மேடையை மினுங்க வைக்கேன்னு தேச்சிருப்பா. செய்யவும் செய்வா, இல்லைன்னும் சொல்லுவா"ன்னாவ. சிவகாமி சாமி படத்துக்கு நேரா கையை நீட்டினா. நானும் லேசுப்பட்டவளா? "சத்தியம் பண்ணாத வீடு இதுவரைக்கும் நான் பாக்கல. கையெழுத்தப் போடுங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். போட்டா. கடைக்கு வந்து அவ கையை நீட்டினதை நடிச்சுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சேன். சார் சிரிக்கல. புக்கை வாங்கி, என் எழுத்தைப் பாத்துட்டு, "நல்லது"ன்னு மட்டும் சொன்னாரு.

இதெல்லாம் நடந்து நாலஞ்சு வருசம் கழிச்சு, ஒரு கிறிஸ்துமசுக்கு ஒரு மாசம் முன்ன, தேங்காய்ப்பட்டணத்துலேருந்து புகார் வந்து.

அங்க கல்ஃப் வீடுகள்ல ரெண்டு அடுக்களை உண்டு. முன்னால உள்ளது காட்டுறதுக்கு: கறுப்புக் கல்லு, கண்ணாடி அலமாரி, புகைபோக்கி. பின்னால உள்ளது பொங்குறதுக்கு: சிமெண்டு தரை, கரிச்சட்டி, மீன் செதிலு. முன்னடுக்களையில ஒரு சாயா கூடப் போட மாட்டாவ. மேடை மேல பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரிச்சுக் கதவைப் பூட்டி வைப்பாவ. வீட்டுக்காரன் லீவுல வரும்போதுதான் விரிப்பை எடுக்கிறது. கல்லு வாங்கிக் கல்லுக்குச் சேலை உடுத்துற சனம்னு நான் கேலி பேசாத நாள் இல்ல.

அந்த வீட்டு மாமியாரு ரோசம்மா, மருமக செலின். மகன் ஜஸ்டின் கத்தார்ல. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல போனவன், அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளையை இன்னும் பாக்கல. இந்தக் கிறிஸ்துமசுக்குத்தான் வாறான். அவன் வாறதுக்காக விரிப்பை எடுத்திருக்காவ. கல்லு மேல வட்ட வட்டமா நாலு நரைச்ச தடம், பக்கத்துல ஒழுகின மாதிரி ஒரு கோடு.

நான் மூணு கேள்வியையும் வரிசையாக் கேட்டேன்.

"எக்கா, இஞ்ச நான் ஒண்ணுமே செய்யேல்ல. தெனமும் வந்து விரிப்பு மேல தூசி தட்டுவேன், பூட்டிட்டுப் போவேன். சாவி எனக்க இடுப்புலதான் இருக்கும்"ன்னா செலின்.

"அப்ப கல்லு தானா வெளுத்தாக்கும்?"னு தொட்டிக்கு அடியில உள்ள அலமாரியத் திறந்தேன். அங்க ஒரு ஆசிட் குப்பி. பாதிதான் இருந்து.

"அது கக்கூசு கழுவ எக்கா!"

"பாத்தியளா? பாத்தியளா?"ன்னு ரோசம்மா நெஞ்சில அடிச்சாவ. "எனக்க மவன் வெயில்ல கெடந்து வெந்து அனுப்பினது. ஏட்டி, ஊத்தினேன்னு ஒரு வாக்கு பறஞ்சா நான் உன்னைக் கொல்லவா போறேன்? பொய்யல்லவா பறையுதா!"

செலின் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, "மாதாவுக்க மேல சத்தியமாட்டு நான் ஊத்தேல்ல"ன்னா. சத்தியம்! எத்தனை பாத்தாச்சு. 'ஆசிட் பட்டது. உபயோகக் கோளாறு'ன்னு எழுதினேன். ரோசம்மா கையெழுத்துப் போட்டாவ. போட்ட கையோட மருமக இடுப்புலேருந்து சாவியை உருவினாவ. நான் அதப் பாத்துட்டுத்தான் படியிறங்கினேன்.

மறுநாள்லேருந்து கடைக்கு செலினுக்க போன். "எக்கா, இன்னும் ஒருக்கா வந்து பாருங்க." நான் வச்சிட்டேன். மறுபடி போன். மூணாவது தடவை நான் கத்திட்டேன். "ஏம்மா, எனக்கு வேற வேலை இல்லியா? கல்லு போனாப் போவுது, ஒரு கல்லுக்கா இந்தப் பாடு?"

"கல்லுக்கில்ல எக்கா"ன்னா அவ. "மாமி போன்ல எல்லாத்தையும் பறஞ்சாச்சு. கல்லு போகட்டும், பொய் பறையுத பெண்ணு எனக்கு வேண்டாம்னு அவரு பறையுதாரு. அவரு வரும்போ நான் இஞ்ச இருக்கப்படாதாம். பிள்ளையையும் எடுத்துட்டு எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போகணுமாம். அவரு இவனுக்க முகத்தையே பாக்கேல்ல எக்கா."

கல்லைப் பத்தி நான் எழுதின ஒரு வரி அங்க இந்த வேலையச் செஞ்சிருக்கு. அப்பவும் எனக்கு அவ மேலதான் எரிச்சலு. ஊத்தினேன்னு ஒத்துக்கிட்டா தீருமே, என்ன வீம்புன்னு. அந்த எரிச்சலோடதான் மறுநாள் பஸ் ஏறினேன்.

ரோசம்மா கோயில்ல ஜெபத்துக்குப் போயிருந்தாவ. அன்னைக்குக் காலையிலேயே முன்னடுக்களையத் திறந்து விட்டுட்டுப் போனாவளாம், காத்தோட்டத்துக்கு. செலின் பின்னடுக்களையிலேருந்து ஒரு ஊறுகாய்ப் பரணியைத் தூக்கிட்டு வந்து, கல்லுல இருந்த வட்டத்து மேல வச்சா. அளந்து செஞ்ச மாதிரி உக்காந்து. அடுத்த வட்டத்துக்கு அடுத்த பரணி. அதுவும் உக்காந்து.

"பேறுகாலத்துக்கு நான் அம்மைக்க வீட்டுல இருந்தப்போ, மாமி அவருக்குக் குடுத்துவிட மீன் ஊறுகா போட்டு, எறும்பு வராம விரிப்பை நீக்கி இஞ்ச வச்சிருந்தாவ. அது ஒழுகியிருக்கு. ஆசிட்டுன்னா நான் வட்டம் வரைஞ்சா எக்கா ஊத்துவேன்?"

மீன் ஊறுகாயில புளிப்புக்கு வினாகிரி ஊத்துவாவ. எனக்கு விசயம் புரிஞ்சு. ஆனா வாய் அடங்கல. "சரி, ஆசிட் இல்ல, வினாகிரி. அதுவும் உபயோகக் கோளாறுதானே? புளிப்பு எதுவும் கருங்கல்லுக்கு ஆகாதுன்னு சொல்லித்தானே குடுக்கோம்?"

செலின் என்னைப் பாத்தா. கோவமா எல்லாம் இல்ல, சந்தேகம் கேக்குற பிள்ளை மாதிரி.

"எக்கா, எனக்க அம்மைக்க வீட்டுல ஒரு அம்மி கெடக்கு. அதும் கருங்கல்லுதானே? தெனமும் மீனுக்கு மொளவும் புளியும் வச்சு அதுலதான் அரைக்கிறது. எனக்க அம்மைக்க மாமியாரு காலத்துலேருந்து அரைக்குது. அது ஏன் எக்கா வெளுக்கேல்ல?"

எங்க வீட்டு அம்மி கண்ணு முன்னால வந்து. அதுலயும் தெனம் புளிதான். நான் கால் நீட்டி உக்காந்து அரைச்ச அம்மி. அண்டியாபீசுலேருந்து வந்து அரைச்சிருக்கேன், கல்லுக்கடையிலேருந்து வந்தும் அரைச்சிருக்கேன். காலையில ஊரூராப் போய் கருங்கல்லுக்குப் புளி ஆகாதுன்னு சொல்லிட்டு, சாயங்காலம் கருங்கல்லுல புளி அரைச்ச மடச்சி நான். ஒரு நாளாவது தோணிச்சா? இல்ல.

மேஸ்திரி ஒரு தடவை வாய் தவறிச் சொன்னது அப்ப ஞாபகம் வந்து: சில கல்லு சாம்பல் நிறந்தான், கறுப்பு ஏத்தி வருது, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி பட்டா காட்டிக் குடுத்துடும்னு. செலின்கிட்ட அந்தக் குப்பி இருந்து, ஜஸ்டின் அனுப்பினது. அவ வெள்ளைக் கைக்குட்டையில நனைச்சு, கறையே இல்லாத ஒரு மூலையில வச்சு அழுத்தி நாலு தேய் தேச்சேன். எடுத்துப் பாத்தா, துணி கறுப்பு. சட்டி தொடச்ச மாதிரி கறுப்பு.

கல்லுக்குச் சாயம் போட்டிருக்கான். புளிப்பு பட்டா சாயம் போவுது. அவ்வளவுதான். அந்தப் பெண்ணு சொன்னதுல ஒரு எழுத்துப் பொய் இல்ல.

துணியை எடுத்துட்டு நேரே கடைக்குப் போய் சார் மேசையில வச்சேன். அவரு துணியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. பிறகு அதை நாலா மடிச்சாரு, ஓரம் ஓரத்தோட சேர, கைலேஞ்சியை மடிக்கிற மாதிரியே. மேசை டிராயரைத் திறந்து உள்ள வச்சு மூடினாரு.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எல்லாரும் நல்ல கறுப்பு கேக்காவ பாக்கியம். அவ்வளவு கறுப்பு மலையில இல்ல."

"சாயம்னு தெரிஞ்சா விக்கிறிய?"

"புளி படாமப் பாத்துக்கிடச் சொல்லித்தானே விக்கேன்?" அதையும் சத்தம் போடாம, ஏதோ நல்ல காரியம் சொல்லுற மாதிரி சொன்னாரு.

மூணு கேள்வியில முதல் கேள்வி ஏன் முதல் கேள்வியா இருந்துன்னு அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு. "நான் அந்த வீட்டுல போய் உள்ளதைச் சொல்லப் போறேன் சார்"ன்னேன்.

"சொல்லுங்க. ஆனா புக்குல ஆசிட்டுன்னு எழுதியிருக்கே. அது யாரு கையெழுத்து, பாக்கியம்?"

ஒரு புக்குலயும் அவரு ஒரு வரி எழுதினதில்ல. கையெழுத்து நல்லாருக்குன்னு வாரியலைக் கீழ போட வச்சாரே, அது இதுக்குத்தான். நானும் பல்லைக் காட்டிட்டு எழுதியிருக்கேன். வேலை போனா மறுபடி அண்டியாபீசுதான்னு பயமா இருந்து. ரெண்டு நாள் வழக்கம் போலக் கடைக்குப் போனேன். மூணாம் நாள் கடைக்குப் போகாம தேங்காய்ப்பட்டணம் போனேன்.

ரோசம்மாவை முன்னடுக்களையில உக்கார வச்சு, மகனுக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரை வைக்கச் சொன்னேன். "தம்பி, நான் கல்லுக்கடையிலேருந்து வாறேன். ஆசிட்டுன்னு எழுதினது நான்தான். அது தப்பு. கல்லுக்குச் சாயம் போட்டிருக்கு. ஊறுகாய் ஒழுகி சாயம் போச்சு. உங்க பெண்டாட்டி ஆசிட் ஊத்தல, பொய்யும் சொல்லல. பொய் கல்லுல இருந்து."

ரோசம்மா ஊறுகாய்ப் பரணியவே பாத்துட்டு இருந்தாவ. "எனக்க மவனுக்குன்னு போட்டது"ன்னு முனங்கினாவ. பிறகு ஜஸ்டின், "அம்மா, போனை செலினுக்கிட்ட குடு"ன்னான். அவ போனை வாங்கிட்டுப் பின்னால போயிட்டா. அழுற சத்தம் கேட்டு, பிறகு பிள்ளையைப் பேச வைக்கிற சத்தம் கேட்டு. ரோசம்மா எழும்பி, இடுப்புலேருந்து சாவியை எடுத்து மேடை மேல வச்சாவ.

நான் கிளம்பும்போது செலின் வாசல் வரைக்கும் வந்தா. நன்றி சொல்லுவான்னு நினைச்சேன், வெக்கம் கெட்டவ நான். அவ கேட்டா, "நான் மாதாவுக்க மேல சத்தியம் பண்ணினேனே எக்கா. அப்ப நீங்க எனக்க முகத்தப் பாக்கேல்ல. குப்பியத்தானே பாத்திய?"

செருப்ப மாட்டிட்டு வந்துட்டேன்.

சார் என்ன செஞ்சாருன்னு கேப்பிய. அடுத்த வாரமே வண்டியில வேற கல்லு ஏத்தி, என்னையும் கூட்டிட்டு அவரே போனாரு. கைலேஞ்சியை விரிச்சு உக்காந்து, தண்ணி வாங்கிப் பாதி குடிச்சு, "அம்மா, உங்க வீட்டு ஐசுவரியத்துக்கு அந்தக் கல்லு போதாது, நானே நல்லதா ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்"ன்னாரு. ரோசம்மா அவருக்கு மீன் ஊறுகாய் ஒரு பாட்டில் குடுத்து அனுப்பினாவ! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வண்டியிலேருந்து குதிச்சிருப்பேன்.

என்னை வேலைய விட்டு அனுப்பல. நானும் போகல. இதைத்தான் சொல்லக் கூசுது. 'உபயோகக் கோளாறு'ங்கிற வார்த்தைய மட்டும் அதுக்குப் பிறகு நான் எழுதல. 'புளி பட்டது, நிறம் போனது'ன்னு உள்ளதை எழுதி வைப்பேன். கீழ வேற யாரோ வேற மையில அந்த வார்த்தையச் சேர்ப்பாவ. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். அப்படியே ஏழெட்டு வருசம் ஓட்டி, சால்வை வாங்கிட்டு வெளிய வந்தேன். செலினுக்குச் சொன்னாச்சு, அவ புருசன் வந்து பிள்ளையைத் தூக்கியாச்சுன்னு அதையே எனக்கு நானே சொல்லிச் சொல்லி மனசை ஆத்திக்கிட்டேன்.

இப்ப ஷைனிக்கு முதல் பாயிண்ட் எழுதணும். எழுதிட்டேன்: 'கல்லு எடுக்க வரும்போது வீட்டுலேருந்து ஒரு எலுமிச்சங்காயும், ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு வாங்க. கல்லுல பிழிஞ்சு, சாயா குடிச்சிட்டு வந்து துடைச்சுப் பாருங்க. வெளுத்தா அந்தக் கடையில வாங்காதிய.' அட்டையில இதப் போடுவாளா? ஷைனி போட நினைச்சாலும் கடையில விடுவாவளா? போடாட்டா மத்த ஒன்பதும் நான் தாறதா இல்ல.

எழுதின பிறகும் மனசு ஆறல. அந்தப் புக்குல எனக்க கையெழுத்துல எத்தனை வீடு! ஒரு வீடு மட்டும் தெளிவா ஞாபகம் இருந்து. நேத்துக் காலையில ஒரு எலுமிச்சங்காயைப் பையில போட்டுக்கிட்டு, வடசேரியில பூதப்பாண்டி பஸ் ஏறினேன்.

சிவகாமிக்கு முடி நரைச்சிருந்து. மேடை அதே மேடை. அந்த நரைச்ச இடத்து மேல ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவுத்தி வச்சு மறைச்சிருந்தா. நான் யாருன்னு சொன்னேன். எலுமிச்சங்காயை அறுத்து, நல்லா இருந்த ஒரு மூலையில பிழிஞ்சு, ரெண்டு பேருமா காத்திருந்து, துடைச்சுக் காட்டினேன். புதுசா ஒரு வெளுப்பு. "நீ ஆசிட் ஊத்தலம்மா. கல்லுதான் கள்ளக் கல்லு. அன்னைக்கு நான் எழுதினது தப்பு"ன்னேன். ஏசுவான்னு பாத்தேன். ரெண்டு ஏச்சு கேட்டா நிம்மதியா பஸ் ஏறலாம்னு இருந்து.

அவ ஏசல. ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, சுவரைப் பாத்துத் திரும்பினா. அங்க அவ மாமியாரு போட்டோ, மாலை போட்டு, பொட்டு வச்சு இருந்து.

"அத்தை, கேட்டியளா?"ன்னா. "கல்லுக்கார அக்கா வந்திருக்காவ. நான் ஆசிட் ஊத்தலியாம்."